வேலி போடாத வயல்கள்

நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன் நான். வரப்புத் தகராறு என்றால் இன்றும் காது கூர்மையாகிவிடும். அதனால்தான் இங்கிலாந்தின் லாக்ஸ்டன் என்ற சிற்றூரைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். நாட்டிங்ஹாம்ஷயரில் இருக்கிறது.

அந்த நாட்டில் முன்பு பெரிய வயல்களுக்கு நடுவே வேலி கிடையாது. ஒவ்வொரு குடியானவருக்கும் அங்கங்கே நீளத் துண்டுகளாக நிலம் இருக்கும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சட்டம் போட்டு வேலி அடைத்தார்கள். பொதுநிலத்தை நம்பிப் பிழைத்த ஏழைகள் பலர் கூலிக்காரர்கள் ஆனார்கள். லாக்ஸ்டனில் மட்டும் மூன்று பெரிய வயல்கள் பழைய முறையிலேயே பயிராகின்றன.

இதற்கு 1635ல் வரைந்த வரைபடம் ஒன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஊரைக் காப்பாற்றியது வரைபடம் அல்ல என்பது என் கருத்து. காப்பாற்றியது நவம்பர் மாத நடை. ஊரில் தேர்ந்தெடுத்த ஜூரிகள் வயலைச் சுற்றிவந்து முளைக்குச்சி அடிக்கிறார்கள். பொதுவழியை உழுதவருக்கு அபராதம். அடுத்த வாரம் ஊர் நீதிமன்றம் கூடி அதை முடிவு செய்கிறது. 1977ல் இப்படிப்பட்ட பழைய நீதிமன்றங்களின் அதிகாரத்தைச் சட்டம் நீக்கியபோதும் லாக்ஸ்டனுக்கு விலக்கு கொடுத்தார்கள்.

“டிராக்டர் காலத்தில் இதெல்லாம் வெறும் சம்பிரதாயம்” என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அபராதத் தொகை சின்னதுதான். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணெதிரே அதைக் கட்டுவதுதான் பெரிது. நான் பார்த்த எல்லைத் தகராறுகள் பல, அண்டை அயலார் சேர்ந்து நடந்து பார்த்திருந்தால் கோர்ட்டுக்கே போயிருக்காது.

கவலை ஒன்று உண்டு. நிலம் 1952ல் வேளாண் அமைச்சகத்துக்கும், 1981ல் கிரவுன் எஸ்டேட்டுக்கும், 2020ல் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கும் கைமாறியது. விவசாயிகளோ குறைந்துகொண்டே வருகிறார்கள். துண்டு நிலத்தில் லாபம் குறைவு. நாம் ரசிப்பதற்காகச் சில குடும்பங்கள் நஷ்டப்படுவது நியாயமா? அந்த நஷ்டத்தில் நாடும் நில உரிமையாளரும் பங்கு ஏற்க வேண்டும். இளைஞர்களுக்கு நியாயமான குத்தகை கிடைக்க வேண்டும்.

கட்டடத்தைப் பூட்டிவைத்துப் பாதுகாக்கலாம். உழவை அப்படிப் பாதுகாக்க முடியாது. உழுகிறவர் இருக்கும்வரைதான் அது பாரம்பரியம். அவர் போய்விட்டால் மிஞ்சுவது நூலகத்தில் ஒரு பழைய படம்தான்.