முத்தமிடும் பூச்சி

மூட்டைப்பூச்சி கடித்தால் மேன்ஷனை மாற்றுகிறோம். (புது மேன்ஷனிலும் கடிக்கும். பெட்டியில் நாம்தான் கொண்டு போயிருப்போம்.) லத்தீன் அமெரிக்காவில் ஒரு பூச்சி இருக்கிறது, அது கடிப்பதே தெரியாது. மண் சுவர் விரிசலிலும் ஓலைக் கூரையிலும் பகலெல்லாம் ஒளிந்திருந்துவிட்டு, ராத்திரி இறங்கி வரும். போர்வைக்கு வெளியே இருப்பது முகம்தானே? உதட்டோரம், கண்ணோரம் பார்த்துக் கடிக்கும். இதற்கு இங்கிலீஷில் 'கிஸ்ஸிங் பக்' என்று ஜொள்ளாகப் பெயர் வைத்தார்கள். பிரேசிலில் 'பார்பெய்ரோ', அதாவது நாவிதர். பொலிவியாவில் 'வின்சூகா'.

வயிறு முட்ட ரத்தம் குடித்துவிட்டு, நன்றியில்லாமல் அங்கேயே கழிந்துவிட்டுப் போகும். விஷமம் அதில்தான். தூக்கத்தில் நாம் சொறிந்துகொள்ள, எச்சத்தில் இருக்கும் ஒட்டுண்ணி கடிவாய் வழியாகவோ கண் வழியாகவோ உள்ளே போய்விடும்.

இதை 1909-ல் கண்டுபிடித்தவர் கார்லோஸ் ஷாகஸ் என்ற பிரேசில் டாக்டர். அப்போது அவருக்குச் சுமார் முப்பது வயது. ரயில் பாதை போடுகிற தொழிலாளர்களுக்கு வந்த மலேரியாவைக் கவனிக்கப் போன இடத்தில் இது அகப்பட்டது. நோய்க்கு அவர் பெயர் வந்தது. ஒட்டுண்ணிக்கு மட்டும் தன் மேலதிகாரி ஆஸ்வால்டோ க்ரூஸ் பெயரை வைத்து 'டிரிப்பனசோமா க்ரூசி' என்றார். ஆபீஸ் தர்மம் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது!

நோய் வந்த புதிதில் லேசாய் ஜுரம் அடிக்கும், சிலருக்கு ஒரு பக்க இமை மட்டும் வீங்கும். சில வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும். அப்புறம் பத்து, இருபது, முப்பது வருஷம் சத்தமே இருக்காது. நூறு பேரில் இருபது முப்பது பேருக்கு அந்தக் காலமெல்லாம் அது இதயத்தை அரித்துக்கொண்டிருக்கும். துடிப்பு தாறுமாறாகும், இதயம் வீங்கும். சிலர் திடீரென்று சரிந்துவிடுவார்கள்.

இந்த இருபது வருஷத்தில் ஆள் என்ன செய்கிறான்? ஊர் மாறுகிறான். எல்சல்வடார் கிராமத்திலிருந்து லாஸ் ஏஞ்சலீஸ் போகிறான், பொலிவியாவிலிருந்து பார்சிலோனா போகிறான். ஓட்டல் சமையலறையிலோ கட்டட வேலையிலோ சேர்கிறான். இதயத்தில் உட்கார்ந்திருக்கும் பிரயாணிக்கு விசா தேவைப்படவில்லை. ஒரு நாள் மயங்கி விழுகிறான். அந்த ஊர் டாக்டர் பிரஷர் பார்க்கிறார், சுகர் பார்க்கிறார், சிகரெட் உண்டா என்கிறார். 'சின்ன வயசில் நீ இருந்த வீட்டுச் சுவர் மண்ணா?' என்று மட்டும் கேட்பதில்லை. அவர் படித்த காலேஜில் இந்த நோய்க்கு ஒதுக்கியது அநேகமாய் அரைப் பக்கம் இருந்திருக்கும்.

அமெரிக்காவில் சுமார் மூன்று லட்சம் பேருக்கு இது இருக்கலாம் என்று கணக்கு. பெரும்பாலோருக்குத் தெரியாது. 2007-ல் அங்கே ரத்த வங்கிகள் இதற்கான சோதனையைத் தொடங்கியபோதுதான் வேடிக்கை. புண்ணியத்துக்கு ரத்தம் கொடுக்கப் போனவனுக்கு வீட்டுக்குத் தபால் வந்தது: உங்கள் ரத்தம் வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். தபாலோடு போனால் டாக்டருக்கே புரியவில்லை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். குடியேறியவர்களில் பலருக்குப் பூச்சியைத் தெரியும். மாமாவும் பெரியப்பாவும் 'ஹார்ட்'டில் போனதும் தெரியும். ஆனாலும் சோதனைக்கு வர மாட்டார்கள். குறுக்கே நிற்பது பூச்சி பயத்தைவிடப் பெரிய பயங்கள். வேலை போய்விட்டால்? காகிதம் சரியில்லை என்று யாராவது கிளறினால்? பில் எவ்வளவு வரும்? தவிர, இது ஏழை வீட்டு வியாதி. ஊரைவிட்டு இத்தனை தூரம் வந்து, மண் சுவரை மறந்து, ஒரு ஜீன்ஸ் மாட்டிக்கொண்டவனிடம் போய் அதைக் கிளறினால் எப்படி? (தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்பதும் பலருக்குத் தெரியாது.)

அதனால் சில இடங்களில் டாக்டர்களே தேடிப் போனார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர்கள் 2008-லிருந்து 2014 வரை லத்தீன் அமெரிக்காவில் பிறந்த 4,755 பேரைச் சோதித்தார்கள். 59 பேருக்கு இருந்தது. எண்பதில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து இருக்கிறது. பென்ஸ்நிடசோல், அறுபது நாள் மாத்திரை. அமெரிக்க அரசு அதற்கு, அதுவும் குழந்தைகளுக்கு மட்டும், அனுமதி கொடுத்தது 2017-ல்! இதயம் கெட்ட பிறகு கொடுத்தால் பெரிய பிரயோஜனம் இல்லை என்று 2015-ல் வந்த ஒரு பெரிய ஆராய்ச்சி சொல்லிவிட்டது. ஆகவே, 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு பார்க்கலாம்' என்கிறவன் மருந்து வேலை செய்யும் வருஷங்களையெல்லாம் செலவழித்துக்கொண்டிருக்கிறான்.

பெண்கள் விஷயம் இன்னும் அவசரம். தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கு இது போகும். கர்ப்பத்துக்கு முன்பே அவளுக்கு மருந்து கொடுத்துவிட்டால் பெரும்பாலும் போகாது. அப்படியே போனாலும், முதல் வயதுக்குள் மருந்து கொடுத்தால் குழந்தைக்கு அநேகமாய் முழுசாகக் குணமாகிறது. பார்சிலோனா இருக்கும் கேடலோனியாவில் 2010 முதல் லத்தீன் அமெரிக்கக் கர்ப்பிணிகளுக்கு இந்த ரத்தப் பரிசோதனை உண்டு. அம்மாவுக்கு இருப்பது தெரிந்தால், பிறக்கிற குழந்தையோடு அவளுடைய மற்ற பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். மண் சுவரையே பார்த்திராத, ஸ்பெயினிலேயே பிறந்த பிள்ளைகளையும்.