இரண்டு பாஷைப் பள்ளியா?

புதுவையில் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மார்கள் சிலரிடம் பேசினேன்.

முதல் குழப்பம் வகுப்பு எண்! அங்கே அது இறங்கு வரிசை. நம் 6-ஆம் வகுப்பு அங்கேயும் 6. ஆனால் நம் 7 அங்கே 5. நம் 8 அங்கே 4. "உங்க பொண்ணு பெயிலா?" என்று ஒரு அம்மாவிடம் பக்கத்து வீட்டு மாமி துக்கமே விசாரித்தாராம்! மார்க்கும் 20-க்குத்தான். 10 சுமார், 16 பிரமாதம். 12-ஐப் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் திட்டாதீங்க.

பெரிய கவலை பேச்சுதான். சேர்ந்த புதிதில் சில குழந்தைகள் வகுப்பில் வாயே திறக்காது. எல்லாம் காதில் வாங்கிக்கொண்டிருக்கும். வீட்டில் வழக்கம்போல் பேசினால் பயமில்லை; வீட்டிலும் பேச்சுக் குறைந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அதற்காக நாமும் அரைகுறைப் பிரெஞ்சுக்கு மாற வேண்டாம். தமிழிலேயே கதை சொல்லுங்கள், கேள்வி கேளுங்கள். தாய்மொழி கெட்டியாக இருந்தால் மற்றதும் வரும்.

சேர்க்குமுன் மூன்று விஷயம் கேளுங்கள்: வாரத்துக்குத் தமிழ் எத்தனை மணி? பிரெஞ்சு தெரியாத வீட்டில் வீட்டுப்பாடத்துக்கு யார் துணை? நடுவில் வேறு பள்ளிக்கு மாற்றினால் எந்த வகுப்பு?

சம்பளத்தை அப்புறம் கேட்கலாம். பிள்ளை பாட்டியோடு பேச முடியாமல் போனால், அந்த நஷ்டத்தை எந்தச் சம்பளக் கணக்கிலும் எழுத முடியாது, அம்மா!