சங்கீதப் பெட்டி திணறுகிறதா?

கழுத்துச் சங்கிலிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது, கேளுங்கள்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், பாகூர் கொம்யூனில் இருக்கிறது பிள்ளையார்குப்பம். அங்கே ஒரு பெரிய மருத்துவக் கல்லூரி இருப்பதால் ஊரின் பெயர் உங்களில் பலருக்குப் பழக்கமாகத்தான் இருக்கும். என் தங்கை வீடு அந்த ஊரில். தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். நான் உள்ளே நுழையும்போது தங்கை தன் சங்கிலியைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பகீரென்றது.

"என்னடி இது?" என்றேன்.

"வேறென்ன அக்கா? உன் மகளையே கேள். புதுக் கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் பாட்டு முடியாதாம். அடகுக் கடை நாளைக்குத்தான் திறக்கும். அதற்குள் மடித்து வைக்கிறேன்" என்றாள்.

விஷயம் இதுதான். தங்கையின் பெண் கீபோர்டு வாசிப்பாள். திருக்காஞ்சி மாசி மகத்துக்கு ஒரு பக்திப் பாட்டு செய்து தருவதாக ஒப்புக்கொண்டு, முன்பணமும் வாங்கிவிட்டாள். லாப்டாப்பில் வீணை தனியாக வாசித்தால் தேனாக ஒலிக்கிறது. புல்லாங்குழல், வயலின் கோஷ்டி, பியானோ, மிருதங்கம் எல்லாம் சேர்ந்தவுடன் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று சத்தம். அப்புறம் ஒரே மௌனம்! "நாலு வருஷத்துப் பெட்டி, பெரியம்மா. இனி உதவாது" என்று அந்தப் பெண் கண் கலங்கினாள். பாட்டைக் கொடுக்க இருந்ததோ பத்தே நாள்.

"சங்கிலியை முதலில் கழுத்தில் போடு. பெட்டிக்கு என்ன நோய் என்று பார்த்துவிட்டு அப்புறம் மருந்துக்குப் பணம் தேடலாம்" என்றேன். என் மகன் ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவன். அவன் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்து எனக்கும் நாலு விஷயம் தெரியும்.

இந்தக் கம்ப்யூட்டர் வாத்தியங்கள் யந்திரம் தானாக உண்டாக்கும் சத்தம் அல்ல. ஒரு வித்துவானை உட்கார வைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாக, நடுத்தரமாக, அழுத்தமாக என்று வாசிக்கச் சொல்லித் தனித்தனியே பதிவு செய்தவை. கட்டையை அழுத்தினால் அந்தப் பதிவு ஒலிக்கிறது. யோசனை புதிதல்ல. 1963ல் இங்கிலாந்தில் வந்த மெல்லோட்ரான் என்ற வாத்தியத்தில் கட்டைக்கு ஒரு ஒலிநாடா உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 8 விநாடி ஓடும். நம் தமிழ்ப் படவுலகில் 1986ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டரைக் கொண்டு இசையமைத்தது அன்று பெரிய அதிசயம். இன்று அதைவிடப் பெரிய வாத்திய கோஷ்டி பிள்ளையார்குப்பத்து வீட்டுக் கூடத்தில் இருக்கிறது!

எவ்வளவு பெரிது என்று ஒரு கணக்குப் போடுங்கள். பியானோவில் 88 கட்டைகள். ஒவ்வொன்றையும் 10 வித அழுத்தத்தில், 20 விநாடி வீதம் பதிவு செய்தால் 880 பதிவுகள். நல்ல தரமான பதிவுக்கு விநாடிக்கு ஏறக்குறையக் கால் மெகாபைட் வேண்டும். ஆக, ஒரு பியானோவே 4 ஜிகாபைட்டுக்கு மேல் போய்விடுகிறது. எங்கள் பெண்ணின் லாப்டாப்பில் இருந்த ராம் மொத்தமே 8 ஜிகாபைட்!

அப்படியானால் எப்படித்தான் வாசிக்கிறது? நம் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஹார்டு டிஸ்க் என்பது சாமான் அறை. ராம் என்பது சமையல் மேடை. பிராஸஸர் என்பது சமைக்கிற கை. பஃபர் என்பது பந்தியில் பரிமாறுகிற வாளி. சாமான் முழுவதையும் மேடையில் பரப்ப இடம் போதாது. அதனால் 1998ல் வந்த ஜிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள் ஒரு யுக்தி செய்தது. ஒவ்வொரு பதிவின் ஆரம்பத்தை மட்டும் மேடையில் வைத்தது. கட்டையை அழுத்தியதும் அந்த ஆரம்பம் ஒலிக்கும். அது தீர்வதற்குள் மீதி சாமான் அறையிலிருந்து வந்துவிடும். இன்றும் பெரிய வாத்தியங்கள் பெரும்பாலும் இந்த முறையில்தான் ஓடுகின்றன. மீதி வந்து சேர ஒரு கணம் தாமதித்தாலும், பந்தியில் இலை காலியாகிவிடும். அந்தக் காலி இலைதான் நம் காதில் 'பட்' என்று கேட்கிறது.

ஆகவே, தாமதம் மேடையிலா, அறையிலா, கையிலா, வாளியிலா என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மானேஜர் திறக்கும். மாக் கம்ப்யூட்டரில் ஆக்டிவிட்டி மானிட்டர் என்று இருக்கிறது. பாட்டை ஓடவிட்டுக்கொண்டே அதிலுள்ள எண்களைப் பாருங்கள்.

முதலாவது, மேடை. மெமரி 90 சதவீதத்தைத் தாண்டினால் மேடை நிரம்பிவிட்டது. அப்போது கம்ப்யூட்டர் சாமான் அறைத் தரையையே மேடையாக்கிக்கொண்டு திண்டாடும். எங்கள் வீட்டில் 93 சதவீதம் காட்டியது! பாட்டுக்குச் சம்பந்தமில்லாத முப்பது பக்கங்களை பிரவுஸரில் திறந்து வைத்திருந்தாள் பெண். அவற்றை மூடினோம். பிறகு வாத்தியங்களைப் பார்த்தோம். பாட்டில் ஒலிக்காத ஸ்வரங்களின் பதிவுகளை மேடையிலிருந்து இறக்கிவிட 'பர்ஜ்' என்று ஒரு வசதி பல மென்பொருள்களில் உண்டு. ஒரே வாத்தியத்தை அருகிலும் தூரத்திலும் மைக் வைத்துப் பதிந்திருந்தால், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடலாம். எண் 70க்கு இறங்கியது.

இரண்டாவது, சாமான் அறை. டிஸ்க் எண் 100ஐத் தொட்டுக்கொண்டே இருந்தால் அறை வெகு தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் ஒரு பதிவைத் தேடிப் பிடிக்கவே சுமார் 10 மில்லி விநாடி எடுக்கும். நூறு ஸ்வரங்களை ஒரே சமயத்தில் கேட்டால் பாவம், அது என்ன செய்யும்? சுழலாத எஸ்.எஸ்.டி.க்கு இந்தத் தேடும் வேலை மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குதான். எங்கள் பெண் வாத்தியங்களையெல்லாம் வெளியில் செருகும் பழைய டிஸ்கில் வைத்திருந்தாள். அதையும் மெதுவான யு.எஸ்.பி. துளையில் செருகியிருந்தாள். சில ஆயிரம் ரூபாயில் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கி வாத்தியங்களை அதற்கு மாற்றினோம். முக்கால் நோய் அதிலேயே போயிற்று.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. அறை பக்கத்திலேயே இருந்தால் மேடையில் கொஞ்சம் வைத்தால் போதுமல்லவா? காண்டாக்ட் என்ற பேர்போன மென்பொருளில் ஒவ்வொரு பதிவின் ஆரம்பத்துக்கும் வழக்கமாக 60 கிலோபைட் ஒதுக்கப்படும். எஸ்.எஸ்.டி. இருந்தால் அதை 12 ஆகக் குறைத்துப் பார்க்கலாம். 5000 பதிவுகள் இருந்தால் 300 மெகாபைட் பிடித்த இடத்தில் 60 மெகாபைட் போதும்.

மூன்றாவது, கை. பிராஸஸர் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். மொத்தத்தில் 30 சதவீதம் காட்டும்போதே ஒரு கை மட்டும் ஓய்வின்றித் தவித்துக்கொண்டிருக்கலாம். இசை மென்பொருளுக்குள் இருக்கும் மீட்டரைப் பாருங்கள். வேலை முடிந்த வாத்தியத்தை 'ஃப்ரீஸ்' செய்தால் அது சமைத்து இறக்கிய குழம்புபோல் ஆகிவிடும்; திரும்பத் திரும்ப அடுப்பேற்ற வேண்டாம். பெடலை மிதித்தபடியே வாசித்தால் பழைய ஸ்வரங்கள் அடங்காமல் குவியும், அதையும் கவனியுங்கள்.

நான்காவது, வாளி. பஃபர் 128 என்றால் சுமார் 3 மில்லி விநாடிக்கான ஒலி. 1024 என்றால் சுமார் 23. சின்ன வாளியானால் விரலுக்கு உடனே சத்தம் வரும், ஆனால் சீக்கிரம் தீரும். பெரிய வாளி தீராது, சத்தம் சற்றுத் தாமதிக்கும். வாசித்துப் பதியும்போது சிறியதும், எல்லாம் முடிந்து கலவை செய்யும்போது பெரியதும் வையுங்கள். எங்கள் பெண் எப்போதும் 128லேயே வைத்திருந்தாள்.

நாலு எண்களும் ஒழுங்காக இருந்தும் வெடித்தால்? விண்டோஸில் ஒலிக் கருவிக்கு உரிய ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். லாப்டாப் மின்சாரம் சிக்கனம் செய்யும் நிலையில் இருந்தால் மாற்றுங்கள். வாசிக்கும் நேரம் வைஃபையை அணைத்துப் பாருங்கள். மெத்தைமேல் லாப்டாப்பை வைக்காதீர்கள். காற்றுத் துளை அடைத்துச் சூடேறினால் பிராஸஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம்!

ஒரு எச்சரிக்கை: ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். நாலு மருந்தை ஒரே வேளையில் கொடுத்தால், எது குணம் தந்தது என்று எப்படித் தெரியும்?

புதுப் பெட்டி தேவையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பாட்டுக்கு வேண்டிய அளவு ராம் இல்லாமல், பல மெல்லிய லாப்டாப்களில் இருப்பதுபோல் அதைக் கூட்டவும் வழியில்லாமல் இருந்தால், வாங்கத்தான் வேண்டும். ஆனால் அது கடைசி மருந்து.

எங்கள் பெண் சொன்ன நாளுக்கு மூன்று நாள் முன்னதாகவே பாட்டைக் கொடுத்துவிட்டாள். மீதிப் பணமும் வந்தது. அன்று சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டோம். ஓர் இடத்திலும் கடுகு வெடிக்கவில்லை. தங்கை மட்டும் கழுத்துச் சங்கிலியை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.