ஏழு நாள் ஜமீன்

ஜப்பானுக்குப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "அங்கே எதைப் பார்க்கப் போகிறீர்கள்?" என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். "ரயில் பாஸ் வாங்கியாகிவிட்டதா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் போச்சு, பிழைக்கத் தெரியாத மனிதர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பிழைக்கத் தெரிந்தவன் என்று பெயரெடுக்க எனக்கும் ஆசை. ஆகவே 2024-ல் நானும் என் மனைவியும் புறப்பட்டபோது ஆளுக்கு ஒரு பாஸ் வாங்கிக்கொண்டோம். அந்த அசட்டுத்தனத்தைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

பாஸ் என்பது என்ன? ஒரு தடவை பணத்தைக் கட்டிவிட்டால், தொடர்ந்து ஏழு நாளைக்கு, வடக்கே ஹொக்கைடோவிலிருந்து தெற்கே கியூஷு வரையில் ஜே.ஆர். ரயில்களில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். கேட்கும்போதே மீசையை முறுக்கிக்கொள்ளத் தோன்றுகிறதல்லவா? ஒரு தேசத்து ரயில்வே முழுவதும் ஏழு நாளைக்கு நம் ஜமீன்!

ஜமீனின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 2023 செப்டம்பர் வரையில் ஏழு நாள் சாதாரண பாஸின் விலை 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்குப் போக ஏறத்தாழ 14,000 யென். திரும்பி வர இன்னொரு 14,000. ஒரு தடவை போய் வந்தாலே போட்ட பணம் அநேகமாக வசூலாகிவிடும். அந்த நாளில் "பாஸ் வாங்கு" என்றவர்கள் நியாயத்தைத்தான் சொன்னார்கள். 2023 அக்டோபரில் அதே பாஸ் 50,000 யென்னாயிற்று. தனி டிக்கெட் அப்படி ஏறவில்லை. நாங்கள் போன வருஷத்தில், டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமா வரையில் போய்த் திரும்பினால்கூடத் தனி டிக்கெட்டுக்கு 40,000 யென் ஆகாது. இதில் இன்னொரு வேடிக்கை. அந்தத் தடத்தில் எல்லாவற்றிலும் வேகமான நொஸொமி ரயிலில் ஜமீன்தாருக்கு இலவசமாக இடம் கிடையாது. டோக்கியோவிலிருந்து கியோத்தோ போக, பாஸுக்கு மேல் ஏறத்தாழ 5,000 யென் வைக்க வேண்டும்.

விலை மாறிவிட்டது, யோசனை மட்டும் மாறவில்லை. பழைய கணக்கையே மனப்பாடமாக ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்களுக்குப் பாஸ் விற்ற ஏஜெண்டும், "கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க சார்" என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன்.

பணம் போனது பெரிதல்ல. பாஸ் கையில் வந்தவுடன் மனிதனுக்கு ஒரு வியாதி பிடிக்கிறது. அதுதான் என் வழக்கு. அளவில்லாச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தவன் பசி அடங்கிய பிறகும் இன்னொரு கரண்டி சாதம் போடச் சொல்கிறானே, அந்த வியாதி. ஊரைப் பார்க்கலாம் என்று புறப்பட்டவன் காசை வசூலிக்க அலைகிறான்.

ஆறாம் நாள் ஹிரோஷிமாவிலிருந்து சாதாரண ரயிலில் ஒனோமிச்சி என்ற சிறிய துறைமுகத்தில் இறங்கினோம். ஒஸு எடுத்த 'டோக்கியோ கதை' படத்தில் பிள்ளைகளைப் பார்க்க ரயிலேறுகிற கிழத் தம்பதிகள் அந்த ஊர்க்காரர்கள்தான். 1953-ல் வந்த படம். அதைப் பார்த்த நாளிலிருந்தே என் மனைவிக்கு அந்த ஊரின் மேல் ஒரு கண். மலைச் சரிவெல்லாம் படிக்கட்டு. படிக்கட்டுக்கு ஒரு கோயில். கீழே ஆறு போல ஒடுங்கிய கடல். அதில் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வரும் சின்னப் படகுகள். முழங்காலைப் பிடித்துக்கொண்டே பாதி மலை ஏறியவள், ஒரு படியில் உட்கார்ந்து அந்தப் படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு ராத்திரி இங்கேயே தங்கிட்டா என்னங்க?" என்றாள்.

நான் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. "பாஸ் நாளையோட முடியுது. இன்னும் பத்தாயிரம் யென் வசூலாகலே. நாளைக்குக் கனஸாவா போயாகணும்."

அவள் மறுபேச்சுப் பேசாமல் எழுந்துவிட்டாள். மறுநாள் இரண்டு ரயில் மாறிக் கனஸாவா போனோம். பேர்பெற்ற கென்ரோக்குயென் தோட்டத்தின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூடும் நேரம். பத்தாயிரம் யென்னை வசூல் செய்துவிட்டேன், சந்தேகமில்லை.

இந்தப் பேராசைக்கு வேர் பயம் என்றுதான் நினைக்கிறேன். நாம் வெயிட்டிங் லிஸ்டில் வளர்ந்த ஜனங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போக 60 நாள் முன்னதாகவே காலை எட்டு மணிக்குக் காத்திருந்து பழகியவர்கள். 2024 நவம்பருக்கு முன்னால் அது 120 நாளாக இருந்தது. அந்தப் பயத்தையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போகிறோம். நொஸொமி ரயிலுக்குப் பதினாறு பெட்டி, 1,323 இடம். கூட்ட நேரத்தில் அப்படி மணிக்குப் பத்து ரயிலுக்கு மேல் ஒரே திசையில் ஓடுகிறது. சாதாரண நாளில் ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் வாங்கி அடுத்த ரயிலில் ஏறலாம். அங்கே ஸ்டேஷனில் முன்பதிவு தொடங்குவதே ஒரு மாதம் முன்னால்தான்.

"அப்படியானால் திட்டமே போடாமல் கிளம்பச் சொல்கிறீரா?" என்று கேட்பீர்கள். இல்லை. வருஷப் பிறப்பு, ஏப்ரல் கடைசியில் தொடங்கும் 'பொன் வாரம்', ஆகஸ்டு நடுவில் முன்னோர்களுக்குரிய ஓபோன் ஆகிய மூன்று சமயங்களிலும் ஜப்பானே ரயிலில் இருக்கும். நொஸொமியில் முன்பதிவில்லாத பெட்டியும் அப்போது கிடையாது. கட்டாயம் பதிவு செய்யுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெட்டி இருந்தால், அதற்கென்று உள்ள இடத்தோடு சேர்த்து ஸீட் வாங்குங்கள். அல்லது பெட்டியை முதல் நாளே அடுத்த ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டுக் கையை வீசிக்கொண்டு போங்கள். போகும் ஊர்களை ஒரு காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட் விலையைப் போட்டுக் கூட்டுங்கள். பாஸ் விலையை அது தாண்டினால் தாராளமாகப் பாஸ் வாங்குங்கள். ஹகாதாவிலிருந்து ஹகோதாத்தே வரையில் ஒரே வாரத்தில் ஓடுகிறவருக்கு அது லாபம்தான். ஆனால் ஏன் அப்படி ஓட வேண்டும் என்றும் அந்தக் காகிதத்திலேயே எழுதிப் பாருங்கள்.

ஒரு நாளையாவது டிக்கெட் இல்லாமல் வையுங்கள். உங்களோடு வந்தவர் எங்கேயாவது ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து "இங்கேயே இருந்துவிடலாமே" என்று சொன்னால், சரி என்று சொல்வதற்கு அந்த நாள் வேண்டும்.

என் மனைவிக்கு இப்போது வீட்டு மாடிப்படியே ஏற முடியவில்லை. இன்னொரு தடவை ஒனோமிச்சி என்பது எங்களுக்கு இல்லை.