க்யூ உண்டு, யூ கிடையாது

மக்களே, ஒரு சின்ன கேள்வி. இங்கிலீஷ்ல அஞ்செழுத்து வார்த்தை வேணும். உள்ளே க்யூ இருக்கணும், யூ இருக்கக் கூடாது. "க்யூ வந்தா பின்னாடியே யூ வரும்"னு சின்ன வகுப்புலேயே டீச்சர் சொல்லிக் கொடுத்தாச்சு. அப்புறம் எங்கே போறது?

தலாக், நிகாப், நம்ம பக்கிரி. பக்கிரியை எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர்னு எழுதினா செல்லும். ஈரான் பக்கம் மலையடிவாரத்துலேர்ந்து ஊருக்குத் தண்ணி கொண்டு வர்ற நிலத்தடி வாய்க்கால், அதுக்குக் கனாத்துன்னு பேரு, அதுவும் செல்லும். நாலெழுத்து போதும்னா வக்பு இருக்கு. அக்மார்க் லண்டன்காரர் தலையைச் சொறியற இடத்துல, மசூதித் தெரு வழியா தினமும் ஆபீஸ் போற நம்மாளு பதில் சொல்லிடுவாரு :-)

இந்த ஆராய்ச்சி எல்லாம் ஸ்க்ராபிள் ஆடறவங்களுக்கு அவசியம். மொத்தம் 100 காய். அதுல க்யூ ஒண்ணே ஒண்ணு, 10 பாயிண்ட். யூ நாலு. அந்த நாலையும் மத்தவங்க எடுத்துட்டா க்யூவைக் கையில வச்சுக்கிட்டு முழிக்க வேண்டியதுதான். அதனாலதான் 'கி' வந்ததும் அத்தனை பேரும் துள்ளிக் குதிச்சாங்க. க்யூ, ஐ, ரெண்டே எழுத்து. சீனாவுல உயிர்ச்சக்தின்னு சொல்றாங்களே, அது. அமெரிக்கப் பட்டியல்ல 2006ல சேர்த்தாங்க. சரியான கட்டத்துல குறுக்கும் நெடுக்குமா வச்சா 62 பாயிண்ட்!

நிற்க. மேட்டர் இதுதான்.

எங்க குடியிருப்புல போன பொங்கலுக்கு நடந்த போட்டியில அதே 'கி'யை ஒரு பொண்ணு வச்சது. இஸ்திரி போடற அண்ணனோட பொண்ணு, அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், பத்தாவது. எதிர்ல ரிட்டயர்ட் ஆன பெரியவர் ஒருத்தர். "அர்த்தம் சொல்லும்மா" என்றார். பொண்ணுக்குத் தெரியலை. "அர்த்தம் தெரியாம மனப்பாடம் பண்ணி வைக்கிறது காப்பியடிக்கிற மாதிரி"ன்னு சொல்லி காயை எடுக்க வச்சுட்டாங்க. அது ஒண்ணும் பேசலை. எடுத்துருச்சு.

அதே பெரியவர் அதுக்கு மூணு ஆட்டம் முந்தி ஏ-ஏன்னு ரெண்டெழுத்து வச்சார். ஹவாய்த் தீவுல கரடுமுரடா உறைஞ்சு கிடக்கிற எரிமலைக் குழம்புக்குப் பேரு அது. யாராவது அர்த்தம் கேட்டோமா? அவர் பீட்டர் விடற அழகுக்கே தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டோம். அர்த்தம் கேக்கணும்னா எல்லார்கிட்டயும் கேக்கணும் சாமி.

ஆட்டத்தோட விதி என்ன தெரியுமா? எதிராளி ஆட்சேபிச்சா பட்டியல்ல இருக்கான்னு பார்ப்பாங்க, அவ்வளவுதான். அர்த்தம் கேக்கற வழக்கமே கிடையாது. 1930கள்ல வேலை இல்லாம இருந்த ஆல்பிரட் பட்ஸ் என்கிற நியூயார்க் கட்டடக் கலைஞர்தான் இதை உருவாக்கினார். அவர் பேப்பரை விரிச்சு வச்சு எந்த எழுத்து எத்தனை தடவை வருதுன்னு எண்ணித்தான் காய்களையும் பாயிண்டையும் முடிவு பண்ணினார். ஆட்டம் பிறந்ததே எழுத்தை எண்ணி! அப்புறம் எண்ணத் தெரிஞ்ச பிள்ளைக்கு இடமில்லைன்னா எப்படி?

2003ல கோலாலம்பூர்ல நடந்த உலகப் போட்டியில ஜெயிச்சது தாய்லாந்துப் பையன், பனுபோல். 2009லயும் தாய்லாந்துதான். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் இன்னும் ஒரு படி மேலே. பிரெஞ்சு பேசத் தெரியாது, சில வாரத்துல பட்டியலை மட்டும் மனசுல ஏத்திக்கிட்டு 2015ல பிரெஞ்சு மொழி உலகப் பட்டத்தைத் தட்டிட்டுப் போனார். அவரைக் காப்பியடிச்சவர்னு யாரும் சொல்லலை. மேதைன்னாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது நைஜீரியா கதை. ஏழு காயையும் ஒரே மூச்சுல இறக்கினா 50 பாயிண்ட் போனஸ், அதனால நீள வார்த்தை தேடறதுதான் வீரம்னு ஒரு நினைப்பு. நைஜீரியாக்காரங்க அதைக் கவுத்தாங்க. அஞ்செழுத்து வார்த்தை வை, நல்ல காய் ரெண்டைக் கையில வச்சுக்கோ, பலகையில எதிராளிக்கு வழி விடாதே. 2015ல பெர்த் நகரத்துல வெலிங்டன் ஜிகேரே இந்த வித்தையோட இறங்கி இறுதிச் சுற்றுல இங்கிலாந்துக்காரரை 4-0ன்னு சாய்ச்சார். கடைசி ஆட்டத்துல அவர் வச்ச 'ஃபெல்ட்டி' அஞ்செழுத்து, 36 பாயிண்ட். உலகப் பட்டம் ஜெயிச்ச முதல் ஆப்பிரிக்கர் அவர். ஆண்டவன் மொழியிலேயே... அதாவது நாட்டை ஆண்டவனோட மொழியிலேயே!

இன்னொரு அஞ்செழுத்து ஆட்டமும் இருக்கு, வேர்டில். ஜோஷ் வார்டில் உருவாக்கி, 2022 ஜனவரியில நியூயார்க் டைம்ஸ் வாங்கினது. இங்கிலீஷ்ல இருக்கிற சுமார் 12,000 அஞ்செழுத்து வார்த்தைகள்லேர்ந்து அவரோட துணைவி பலக் ஷா தனக்குத் தெரிஞ்சதை மட்டும் பொறுக்கி 2,500 பக்கம் ஆக்கினார். ஆரம்பத்துல விடை அதுக்குள்ளேதான் இருந்தது. நல்ல ஆட்டம்தான், நானும் காலை காபியோட ஆடறேன். ஆனா அங்கே அந்த மொழியில புழங்கினவங்களுக்குக் கை ஓங்கும். வீட்டுல இங்கிலீஷ் பேசாத பிள்ளைக்கு ஸ்க்ராபிள் பட்டியல்தான் தோது. அதுல யார் வீட்டு வார்த்தையும் இல்லை, எல்லார் வீட்டு வார்த்தையும் இருக்கு. நம்ம தோசையும் கஞ்சியும் உட்பட.

பட்டியலை உருப்போட்டா மொழி வந்துடுமான்னு கேட்டா, வராது. செஸ் ஆடினா யானை ஓட்ட வருமா என்ன? அந்தப் பொண்ணு இங்கிலீஷ் தெரியும்னு சொல்லிக்கிட்டு வரலை. ஆட வந்தது.

அடுத்த பொங்கலுக்கு ரெண்டெழுத்து வார்த்தை அத்தனையும், 120க்கு மேல இருக்கு, அச்சடிச்சு மேசை மேலேயே ஒட்டிடலாம்னு கமிட்டியில சொல்லியிருக்கேன். பெரியவர் இன்னும் ஒத்துக்கலை.