பத்துப் பேர் சேர்ந்து வாங்கும் சீட்டு

பஞ்சாலை வாசலிலும் நடவு வயலிலும் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "தனியாளாக வாங்கினால்தானே சூதாட்டம்? பத்துப் பேர் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு, பாலக்காட்டுப் பக்கம் போகிறவரிடம் கொடுத்து ஓணம் பம்பர் ஒன்று வாங்கிவரச் சொன்னால் என்ன குற்றம்?" சிரித்துத் தட்டிக்கழிக்கிற கேள்வியல்ல இது. கேட்கிறவர் சோம்பேறியுமல்ல. எட்டு மணி நேரம் நூல் தூசியை விழுங்கியவர்.

கேட்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2023 ஜூலையில் கேரளத்தின் மலப்புரம் ஜில்லா பரப்பனங்காடி நகராட்சியில் வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் 11 பெண்கள் 250 ரூபாய்ச் சீட்டு ஒன்றைக் கூட்டாக வாங்கினார்கள். ஒன்பது பேர் ஆளுக்கு 25 ரூபாய் போட்டார்கள். மற்ற இருவரிடம் 25 ரூபாய் இல்லை; ஆளுக்குப் பன்னிரண்டரை போட்டு ஒரு பங்காக்கிக் கொண்டார்கள். அந்தச் சீட்டுக்கே 10 கோடி விழுந்தது. அதே ஆண்டு ஓணம் பம்பரில் 25 கோடி விழுந்ததும் திருப்பூரைச் சேர்ந்த நான்கு நண்பர்களின் கூட்டுச் சீட்டுக்குத்தான். போதாதா? நமது ஆலை ஷெட்டுகள் வரை அந்தச் செய்தி பறந்து வந்தது.

விழுந்தவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. விழாதவர்களைப் பற்றி யார் எழுதினார்கள்? அந்த ஓணத்துக்கு விற்றவை சுமார் 75 லட்சம் சீட்டுகள். புதுக்கோட்டை ஜில்லாவின் ஜனத்தொகை 2011 கணக்குப்படி 16 லட்சத்துச் சொச்சம். நமது ஜில்லாவைப்போல் நாலரை ஜில்லாவுக்கு மேற்பட்ட ஜனங்களை வரிசையில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைத் தொடுவதற்குச் சமம் அது. அச்சிட்ட தொகையும் முழுசாக வராது. முகவர் கமிஷன் பத்தில் ஒரு பங்கு போகும். மீதியில் வருமான வரி 30 சதம் பிடிப்பார்கள். 10 கோடி என்பது 6 கோடியே 30 லட்சமாகும்.

கூட்டாக வாங்கினால் அதிருஷ்டம் கூடுமா? கூடாது. பத்துச் சீட்டு வாங்கினால் வாய்ப்பு பத்து மடங்கு. பரிசோ பத்தில் ஒன்று. கணக்கு அங்கேயேதான் நிற்கிறது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பத்துப் பேர் ஒரே சீட்டு வாங்கினால் ஆளுக்கு நஷ்டம் ஐம்பது ரூபாயோடு முடிகிறது. 500 ரூபாயைத் தனியாகத் தொலைத்துவிட்டு வீட்டில் பொய் சொல்வதைவிட இது மேல். கூலிக்காரனுக்கு 25 கோடி எதற்கு? அதில் பத்தில் ஒன்று வந்தாலே கடன் தீர்ந்து கூரை மாறும். இந்த மட்டில் கூட்டுக்காரர்கள் சொல்வது நியாயமே.

தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. சீட்டின் முதுகில் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டவரிடம்தான் சர்க்கார் பேசும். மற்ற ஒன்பது பேருக்கு என்ன அத்தாட்சி? அந்த வாரம் காசு தராதவனுக்குப் பங்கு உண்டா, இல்லையா? "அடுத்த வாரம் தருகிறேன், என்னையும் சேர்த்துக்கொள்" என்றவனுக்கு? ஒரே தறியில் நின்றவர்கள் இந்த வழக்கில் முகம் பாராமல் போனால், போனஸ் கோரிக்கைக்கு யார் சேர்ந்து நிற்பார்கள்? முதலாளி செலவில்லாமல் ஜெயித்துவிடுவார். தவிர, தமிழ்நாட்டில் 2003 ஜனவரி முதல் லாட்டரிக்குத் தடை. கேரளச் சீட்டை இங்கே கொண்டுவந்து விற்பது குற்றம். திருப்பூர்க்காரர்களுக்குப் பரிசு விழுந்த உடனேயே கள்ளச் சந்தைச் சீட்டு என்று புகார் கிளம்பவில்லையா?

"கேரளத்தில் லாட்டரியைத் தொடங்கியதே நம் தோழர் இ.எம்.எஸ். மந்திரிசபைதானே?" என்று மடக்குவார்கள். உண்மைதான். 1967-ல் ஒரு ரூபாய்ச் சீட்டு, முதல் பரிசு 50,000. மறுவருஷம் சென்னையில் அண்ணாதுரை சர்க்காரும் தொடங்கிற்று. தனியார் சூதாட்டக்காரன் கொள்ளையடிப்பதைவிடச் சர்க்கார் நடத்துவது மேல். கை கால் வழங்காதவர்கள் எத்தனையோ பேர் சீட்டு விற்றுப் பிழைக்கிறார்கள். இதை மறுக்கவில்லை. ஆனால் கஜானா நிரப்பப் பணம் எடுக்கவேண்டிய இடம் பணக்காரன் பெட்டி. கூலிக்காரன் மடி அல்ல. யார் ஆட்சியானாலும் என் அபிப்பிராயம் இதுவே.

சர்க்கார் சீட்டாவது பகிரங்கமாகக் குலுக்கப்படுகிறது. இங்கே நம் ஊர்களைத் தின்பது துண்டுக் காகிதத்திலும் வாட்ஸப்பிலும் நடக்கும் மூன்று நம்பர் லாட்டரி. ஓணத்துக்கு ஒரு தரமல்ல, அன்றாடம் பிடுங்கும். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி மனைவியோடும் மூன்று பெண் குழந்தைகளோடும் மாண்டது இந்தக் கடனால்தான். கூட்டுச் சீட்டில் ருசி கண்டவனைத்தான் அந்த ஏஜெண்ட் முதலில் தேடிவருகிறான்.

கூட்டாகப் பணம் போடுவது நமக்குப் புதிதா என்ன? கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் ஆடி வந்தால் மொய் விருந்து. நூறு பேர் வைத்த மொய், நோட்டில் எழுதப்பட்டு, ஒரு குடும்பத்தின் கிணற்றுக்கோ கல்யாணத்துக்கோ வட்டியில்லாமல் உதவுகிறது. கறிச்சோற்றுச் செலவு அதிகம், திருப்பி வைக்க முடியாதவன் தலைகுனிகிறான் என்ற குறைகள் உண்டு. அவை வேறு சங்கதி. போட்ட பணம் ஊருக்குள்ளேயே சுற்றுகிறது என்பது முக்கியம். பத்துப் பேர் மாதம் ஐம்பது போட்டால் வருஷத்தில் 6,000 ரூபாய். ஒருவர் வீட்டில் பிரசவம், காய்ச்சல் என்றால் கந்து வட்டிக்காரன் வாசலுக்குப் போகாமல் அந்த ஒரு தரமாவது தப்பலாம். இதற்குக் குலுக்கல் வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் கேரளத்துக்குப் போகிற சமயம் கூட்டாக ஒரு சீட்டு வாங்கத்தான் போகிறோம் என்பவர்களுக்கு: யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்பதைச் சீட்டு நம்பரோடு ஒரு தாளில் எழுதி அத்தனை பேரும் கையெழுத்திடுங்கள். குலுக்கலுக்கு முன்னாலேயே எழுதுங்கள். கடன் வாங்கிப் போடாதீர்கள். பன்னிரண்டரை ரூபாய் போட்டவர் பெயரும் அந்தத் தாளில் இருக்கட்டும்.