மேஜர் கணக்கு படித்தால் என்ன கிடைக்கும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலையிலேயே பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். உப்பு வியாபாரம் செய்பவர். இருபது வருஷப் பழக்கம். உட்கார்ந்ததும், "அண்ணாச்சி, நீங்க சொன்னா அவ கேப்பா. கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்றார்.

மகளுக்குக் கணக்கில் 98. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் பணம் கட்டியாகிவிட்டது. பிள்ளையோ பி.எஸ்ஸி. மேத்ஸ்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். "மேஜர் கணக்கு படிச்சு என்ன கிடைக்கும்? டியூஷன் எடுக்கவா? இவ என்ன ராமானுஜனா?" என்று கேட்டார்.

நானும் மேஜர் கணக்கு படித்தவன் என்பதால்தான் என்னிடம் வந்தார். என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் என் கதை.

1973-இல் பி.யூ.சி. முடித்துவிட்டு நம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தேன். அப்போது நாமெல்லாம் மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தோம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது 1990-இல்தான். கால்குலஸ், டிரிக்னாமெட்ரி, ஸ்டாடிக்ஸ், டைனமிக்ஸ், கடைசி வருஷம் மாடர்ன் அல்ஜீப்ரா, ரியல் அனாலிசிஸ். ஆன்சிலரி பிசிக்ஸ்.

படித்த விதத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஐந்து வருஷக் கேள்வித்தாளைச் சேர்த்துக் கட்டி, திரும்பத் திரும்ப வந்த தேற்றங்களை மட்டும் மனப்பாடம் செய்தோம். வாத்தியார் நோட்ஸ் சொல்வார், நாங்கள் எழுதுவோம். எப்சிலான், டெல்டா என்று பக்கம் பக்கமாகப் பரீட்சையில் கொட்டினேன். அது என்ன சொல்ல வருகிறது என்று நானும் கேட்கவில்லை, என்னிடமும் யாரும் கேட்கவில்லை. முதல் வகுப்பில் தேறினேன்.

அதன்பின் ஹார்பரில் குமாஸ்தா வேலை. நம் புதுத் துறைமுகம் 1974 ஜூலை 11-இல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. நான் சேர்ந்தது 1979-இல். அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரிக் கப்பல்கள் வரத் தொடங்கிய காலம்.

கப்பலில் எத்தனை டன் கரி இருக்கிறது என்பதைத் தராசில் வைத்தா பார்க்க முடியும்? டிராஃப்ட் சர்வே என்று ஒன்று உண்டு. சர்வேயர் படகில் போய், கப்பலின் முன், நடு, பின் என மூன்று இடத்திலும், இரண்டு பக்கத்திலும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார். கடல்நீரின் அடர்த்தியையும் எடுப்பார். சரக்கு இறக்குவதற்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. எண்ணெய், தண்ணீர் போன்றவற்றைக் கழித்துவிட்டால் மிச்ச வித்தியாசம்தான் சரக்கு. பெரிய கப்பலில் ஒரு சென்டிமீட்டர் தப்பாகப் படித்தாலே ஐம்பது டன் போல மாறிவிடும்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு வயதான சர்வேயர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தேன். முன் அளவு ஒரு பங்கு, பின் அளவு ஒரு பங்கு, நடு அளவு ஆறு பங்கு; கூட்டி எட்டால் வகுத்தார். ஏன் ஆறு என்று கேட்டேன். "பாரம் ஏறினா கப்பல் லேசா வளையும் தம்பி. நடுவயிறு அகலம், முனை ஒடுக்கம். தண்ணியை அதிகமா ஒதுக்குறது நடுவயிறுதானே?" என்றார். பிறகு கப்பலின் அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டி, வளைந்த வயிற்றின் பரப்பை எப்படிக் கணக்கிட்டு அதைத் தயாரிக்கிறார்கள் என்று காட்டினார். 1, 4, 2, 4, 1 என்று எழுதினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிம்ப்ஸன் விதி! பரீட்சையில் பத்து மார்க் வாங்கித் தந்த விதி. அது எதை அளக்கிறது என்று தெரியாமலே பட்டம் வாங்கியிருக்கிறேன். அன்று ராத்திரி பழைய புத்தகத்தைத் தேடி எடுத்து, முதல் தடவையாகப் புரிந்து படித்தேன். அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்.

இது நம் கரைக்குப் புதிதும் இல்லை. இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். முத்தைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரித்து, மஞ்சாடிக் கணக்கில் நிறுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். விலை எடையைப் போல ஏறாது. எடையின் வர்க்கத்தைப் போல ஏறும். இரண்டு மடங்கு எடையுள்ள முத்துக்கு நாலு மடங்கு விலை. பெரிய முத்து கிடைப்பது அரிது என்ற விஷயம் அந்த வர்க்கத்துக்குள் இருக்கிறது. காலேஜ் வாசலை மிதிக்காத வியாபாரிகள் அதைப் புரிந்து போட்டார்கள். முதல் வகுப்பில் தேறிய நான் புரியாமல் போட்டேன்.

ஆகவே என் கட்சி இதுதான்: மேஜர் கணக்கில் குறை இல்லை, அதைப் படிக்கும் விதத்தில்தான் குறை. கைடு வாங்கி மனப்பாடம் செய்வதாக இருந்தால் மூன்று வருஷமும் வீண். ஏன், எப்படி என்று கேட்டுப் படித்தால் அதற்கு ஈடான படிப்பு எனக்குத் தெரியவில்லை.

"இவ என்ன ராமானுஜனா?" என்ற கேள்விக்கு வருகிறேன். ராமானுஜனும் என்னைப் போலத் துறைமுகக் குமாஸ்தா என்பதில் எனக்கொரு அற்பப் பெருமை உண்டு. 1912-இல் மதராஸ் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குச் சேர்ந்தார். ஆனால் அவர் காலேஜ் படிப்பை முடிக்கவே இல்லை. காலேஜில் கணக்கு படிப்பதற்கு அவர் உதாரணமே அல்ல.

நான் சொல்லும் உதாரணம் வேறு. சென்னை லயோலா கல்லூரியில் பாதர் ரசீன் என்று ஒரு பிரெஞ்சு வாத்தியார் இருந்தார். அவரிடம் படித்த சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் உலகம் மதிக்கும் கணித மேதைகள் ஆனார்கள். நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. குற்றாலம் அருகே வல்லத்தில் 1901-இல் பிறந்த எஸ்.எஸ். பிள்ளை. எந்த எண்ணையும் நாலு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், ஒன்பது கனங்களின் கூட்டலாக எழுதலாம். ஆறாம் அடுக்குக்கு எத்தனை வேண்டும்? 73 என்று நிரூபித்தவர் அவர். 1950-இல் அமெரிக்காவில் நடந்த கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

வேலை கிடைக்குமா என்று கேட்பது தப்பில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், பட்டத்தோடு நின்றால் கஷ்டம்தான். பி.எட். முடித்து டெட் எழுதலாம். வங்கித் தேர்வுகள் இருக்கின்றன. காப்பீட்டுத் துறையில் ஆக்சுவரி ஆகலாம். தேர்வுகள் கடினம், சம்பளம் நல்லது. ஜாம் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. படிக்கலாம். சேஷாத்ரி 1989-இல் தொடங்கிய சென்னை கணிதவியல் கழகம் இப்போது சிறுசேரியில் இருக்கிறது. அங்கே பி.எஸ்ஸி.யே உண்டு, நுழைவுத் தேர்வு மட்டும் எழுத வேண்டும். பிளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரிவதில்லை.

இனி, இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது. 2001-இல் என் மகளும் இதையேதான் கேட்டாள். நான் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்து இன்ஜினியரிங்கில் சேர்த்தேன். நான் படித்த லட்சணத்தை வைத்து அந்தப் படிப்பையே எடைபோட்டுவிட்டேன். இன்று பெங்களூரில் நல்ல சம்பளத்தில் இருக்கிறாள். குறை சொன்னதே இல்லை. போன பொங்கலுக்கு வந்தபோது பேரனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் கணக்கு படிச்சிருக்கலாம்ப்பா" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, "உனக்குக் கணக்கு ஏன் பிடிக்கும்?" என்று கேட்டேன். "எட்டாம் கிளாஸ்ல, மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் பிளஸ்னு கேட்டேன் தாத்தா. அது அப்படித்தான்னுட்டாங்க. நானே யோசிச்சுக் கண்டுபிடிச்சேன்" என்றாள். ஒன்றையும் மைனஸ் ஒன்றையும் கூட்டினால் பூஜ்யம். அந்தக் கூட்டலை மைனஸ் ஒன்றால் பெருக்கினாலும் பூஜ்யம்தான் வர வேண்டும். ஒன்றைப் பெருக்கியதில் மைனஸ் ஒன்று வந்துவிட்டது. அப்படியானால் மற்றது பிளஸ் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? பேப்பரில் எழுதியே காட்டினாள். பட்டதாரியான எனக்கு இந்தக் கேள்வி ஒரு நாளும் தோன்றியதில்லை.

அவள் அப்பாவிடம் சொன்னேன்: "தம்பி, தாராளமா சேத்து விடுங்க. ஆனா எம்.எஸ்ஸி. வரைக்கும் அஞ்சு வருஷம் படிக்க விடணும். மூணாவது வருஷமே மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிருவீங்கன்னா, இன்ஜினியரிங்கே போகட்டும்."

புத்தி சொல்ல வேண்டியது பிள்ளைக்கு அல்ல என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒன்றும் பேசாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். இன்று காலை, காலேஜ் அப்ளிகேஷனுக்குக் கடைசித் தேதி என்று என்று கேட்டு மகளையே அனுப்பியிருந்தார்.